நடவு நாட்களில் சோழவந்தான் பக்கத்து விவசாய வீடு: இரண்டு இரவு தங்கிய அனுபவமும் மதிப்பீடும்

உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பருத்தியும் சோளமும் பார்த்து வளர்ந்த என் அம்மாவிடம், கிராமத்து வீடொன்றில் இரண்டு நாள் தங்கப் பணம் கட்டியிருக்கிறேன் என்று சொன்னபோது, "நாம விட்டுட்டு வந்ததை நாமளே காசு குடுத்துப் பாக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மதுரை நகரத்துக்குள் பிறந்து வளரும் என் மகனும் மகளும் நெல் வயலை ரயில் சன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர்கள். அம்மாவின் ஊரில் இப்போது எங்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. எனவே கார்த்திகை முதல் வாரத்தில் நால்வரும் கிளம்பினோம். அங்கே தங்கிய அனுபவத்தையும், இப்படிப்பட்ட வீடுகளில் தங்க எண்ணுகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவற்றையும் விரிவாக எழுதுவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

வீடு சோழவந்தானுக்கும் வாடிப்பட்டிக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். சோழவந்தானில் ரயில் நிலையம் உண்டு. அங்கிருந்து ஆட்டோவில் சென்றோம். பெரிய சாலையிலிருந்து பிரிந்ததும் தென்னந்தோப்பும் வாய்க்காலும் தொடங்கிவிடுகின்றன. வடக்கே சிறுமலை, மேகம் இறங்கி, பாதி உயரம் வரைதான் தெரிந்தது. தெற்கே வைகைக்கு அப்பால் நாகமலையின் நீண்ட முதுகு. இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவில், கண்ணுக்கு எட்டியவரை, உழுது தண்ணீர் கட்டிய வயல்கள் மேகத்தின் நிறத்திலேயே கிடந்தன. நாற்றங்கால் இருந்த இடங்களில் மட்டும் பாய் விரித்தது போல் ஒரு பச்சை.

முன்பதிவு இணையதளத்தில் இந்த வீட்டைப் பற்றி எழுதியிருந்ததற்கும் நேரில் கண்டதற்கும் பெரிய இடைவெளி இருந்தது. மாட்டு வண்டிச் சவாரி, கண்மாயில் தூண்டில் போடுதல், நாட்டுக்கோழி விருந்து என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். போய்க் கேட்டால் வீட்டுக்காரப் பெரியவருக்கு அப்படியொரு விளம்பரம் வந்திருப்பதே தெரியவில்லை. வண்டி மாடுகளை விற்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன என்றார். தொழுவத்தில் இருந்தவை ஒரு கறவை மாடும் கன்றும் மட்டுமே. எங்களிடம் முன்பணமாக வாங்கிய ஆயிரம் ரூபாயில் தமக்கு எவ்வளவு வந்தது என்று அவர் சொன்ன தொகை எனக்கு வருத்தத்தைத் தந்தது. விளம்பரத்தில் சொன்னவை இல்லையே என்று அந்த இணையதளத்துக்கு எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை. இதில் வீட்டாரின் பிழை எதுவும் இல்லை என்பதால் இந்தக் குறையை நான் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, உள்ளே திறந்த முற்றம், முற்றத்தைச் சுற்றிச் சிவப்புக் காவி பூசிய தரை. விருந்தினருக்கான அறைகள் இரண்டும் பின்புறம் புதிதாகக் கட்டப்பட்டவை. அவற்றில் கட்டில், மின்விசிறி, கொசுவலை எல்லாம் ஒழுங்காக இருந்தன. விரிப்புகள் துவைத்து வெயில் வாசனையோடு இருந்தன என்பதை மழைக்காலத்தில் பெரிய விஷயமாகவே சொல்ல வேண்டும். குளிர்சாதன வசதி கிடையாது, தேவைப்படவும் இல்லை. நாங்கள் அறையில் இருந்ததைவிடத் திண்ணையில் இருந்த நேரமே அதிகம். மழை பெய்யும்போது முற்றத்தில் நான்கு பக்கமும் ஓட்டிலிருந்து தண்ணீர் சரம் சரமாக விழுவதையும், வீட்டு மருமகள் அண்டாவையும் குடங்களையும் நகர்த்தி நகர்த்தி வைத்து அதைப் பிடிப்பதையும் என் பிள்ளைகள் ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வீட்டின் பெரிய சிறப்பு, விருந்தினருக்காக அங்கே எதுவும் நடத்திக் காட்டப்படுவதில்லை என்பதுதான். அவர்களுடைய வேலை நேரத்துக்குள் நம்மை அனுமதிக்கிறார்கள். நம்முடைய வசதிக்காக வேலையை மாற்றுவதில்லை. முதல் நாள் இரவு பதினோரு மணிக்குப் பெரியவர் டார்ச் விளக்கையும் மம்பட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிளை வாய்க்காலில் அன்று இரவு அவர்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. விடியற்காலையில் திரும்பி வந்தவர் முழங்கால் வரை சேற்றோடு திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தபோது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று என் மகன் கேட்டான். அவர் சொன்ன பதில் நல்ல பாடமாக இருந்தது. கேரளப் பக்கம் மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீர், 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி, வைகை அணைக்கு வந்து, வைகையின் குறுக்கே உள்ள பேரணை என்ற தடுப்பணையில் கால்வாயில் ஏறி, கடைசியாகத் தமது வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாமடைக்கு வருவதை, தரையில் ஈர விரலால் கோடு போட்டுக் காட்டினார். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். கள்ளந்திரியைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். இந்த எண்களை ஒற்றை இலக்கம் வரை அவர் மனப்பாடமாகச் சொன்னார். ஒவ்வொரு ஆண்டும் தண்ணீர் திறக்கும் அரசாணையில் வரும் எண்கள் அவை; வயல் வைத்திருப்பவர்களுக்கு அவை வீட்டுக் கதவு எண்ணைப் போலப் பழக்கமானவை. போகத்துக்கு 120 நாள் தண்ணீர் என்ற கணக்குக்கு ஏற்பத்தான் 105 முதல் 110 நாளில் விளையும் கோ 51 நெல்லைப் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

மறுநாள் நடவு. இதைத்தான் நான் எல்லோருக்கும் பரிந்துரைக்க விரும்புகிறேன். ஆண்டில் சில நாட்களே காணக் கிடைப்பது. காலை ஏழு மணிக்குள் பன்னிரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். முந்தின நாளே நாற்றங்காலில் பறித்துக் கட்டிய நாற்று முடிகளை ஆண்கள் இருவர் வயலெங்கும் வீசி வைத்திருந்தார்கள். வயலின் சனிமூலையில் மஞ்சள் பிள்ளையார் வைத்து, சூடம் காட்டி, வீட்டுப் பெரியம்மா முதல் நாற்றை ஊன்றியதும் எல்லோரும் குலவையிட்டார்கள். அந்தக் குலவை வாய்க்கால் கரைத் தென்னைகள் வரை போய்த் திரும்பியது. அதன்பிறகு பேச்சும் வேலையும் ஒன்றாகவே நடந்தன. இடக்கையில் நாற்று, வலக்கையின் மூன்று விரல்களில் இரண்டோ மூன்றோ நாற்றைப் பிரித்து, விரல் நுனியோடு சேற்றுக்குள் இறக்கி, விரலை மட்டும் வெளியே எடுக்கும் அந்த அசைவை நான் மிக அருகில் நின்று பார்த்தேன். ஊன்றிய இடத்தில் குழி தெரிவதில்லை; சேறு தானாகவே மூடிக்கொள்கிறது. ஒருவர் ஊன்றும் வேகத்தில் என் கண் அடுத்த நாற்றுக்குப் போவதற்குள் அவர் இரண்டு குத்து முன்னே, இல்லை, பின்னே போயிருந்தார். நடுபவர்கள் பின்னோக்கித்தானே நகர்கிறார்கள். பக்கத்து வயலில் டிராக்டர் இரும்புச் சக்கரத்தோடு தொளி உழுதுகொண்டிருக்க, அதன் பின்னால் கொக்குகள் ஐம்பது அறுபது நடந்து வந்தன.

பிள்ளைகள் இறங்கலாமா என்று கேட்டேன். "ஓரமா ஒரு வரிசை நடட்டும் பாப்பா, அதை நாங்க அப்புறம் சரிபண்ணிக்கிறோம்," என்றார் ஒரு பெண். என் மகள் நட்ட பதினைந்து நாற்றில் நான்கு மிதந்தன. அவற்றை யாரும் கேலி செய்யவில்லை. அந்தப் பெண் போகிற போக்கில் நான்கையும் எடுத்து ஊன்றிவிட்டுப் போனார். வரப்பில் நின்றிருந்த என் அம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எப்போது வயலுக்குள் இறங்கினார் என்பதை நான் கவனிக்கவில்லை. மானாவாரிக் காட்டுக்காரருக்கு நடவு பழக்கமில்லை என்று அவரே சொல்லியிருந்தார். ஆனாலும் அரை மணி நேரம் அந்த வரிசையில் நின்றார். அவருடைய இடுப்பு வலிக்கு அது நல்லதா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று மாலை பெரியவர் எங்களைத் தம் உறவினரின் வெற்றிலைக் கொடிக்காலுக்கு அழைத்துப் போனார். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு முன் மதுரை மல்லிக்குக் கிடைத்த அதே குறியீடு. மதுரையில் எந்தக் கல்யாணத் தாம்பூலத்திலும் இந்த வெற்றிலை இருக்கும். ஆனால் கொடியைப் பார்த்த மதுரைக்காரர்கள் குறைவு, நானும் அதுவரை பார்த்ததில்லை. வாசலில் இருந்தவர், "செருப்பைக் கழத்திப் போட்டுட்டு வாங்க, கொடிக்காலுக்குள்ள செருப்பு போகாது," என்றார். வெறுங்காலோடு உள்ளே நுழைந்ததும் வெளியுலகம் அடைபட்டுப் போனது போல் இருந்தது. இரண்டு பக்கமும் நெருக்கமாக அகத்தி மரங்கள். ஒவ்வொன்றிலும் வாழை நாரால் கட்டப்பட்டு ஏறும் கொடிகள். மேலே அகத்தித் தழையில் சலித்து இறங்கும் வெளிச்சம் முழுவதும் பச்சை. காற்று அசையவில்லை, ஆனால் குளிர்ச்சி இருந்தது. ஈர மண்ணின் வாசனையோடு வெற்றிலையின் காரமும் மூக்கில் ஏறியது.

முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்து நிழல் கொடுக்கத் தொடங்கிய பிறகே கொடியை ஊன்றுவார்கள் என்றும், கொடி கைக்கெட்டாத உயரம் போனதும் அதை இறக்கி அடியில் சுருட்டி மண்ணணைத்து மறுபடி ஏற்றிவிடுவார்கள் என்றும் கொடிக்கால்காரர் விளக்கினார். வெற்றிலை கிள்ளுவதை அருகில் பார்த்தேன். இலையை இழுப்பதே இல்லை. காம்பின் அடியில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஓர் அழுத்து, அவ்வளவுதான். இலை உள்ளங்கையில் விழுகிறது, கொடி ஆடுவதில்லை. கிள்ளிய இலைகளைக் காம்பு ஒரு பக்கமாக அடுக்கி நூறு சேர்ந்தால் ஒரு கவுளி. என் மகன் தானும் கிள்ளுகிறேன் என்று கேட்டபோது, அவர் அன்பாகவே மறுத்துவிட்டார். நுனி கிழிந்த இலையைக் கவுளியில் சேர்க்க முடியாது, சந்தையில் கவுளியைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்றார். அந்த மறுப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வருகிறவர்களைக் குஷிப்படுத்துவதற்காகத் தொழிலை விளையாட்டாக்காத இடம் அது. நிலம் குத்தகை, தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் கொடி வாடும், மழை தேங்கினாலோ வேர் அழுகும் என்று அவர் சொல்லிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார். திரும்பும்போது ஒரு கவுளியை விலை கொடுத்தே வாங்கினேன். இலவசமாகக் கொடுக்க வந்ததை வாங்கிக்கொள்ள அம்மா விடவில்லை.

உணவைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. வீட்டு மகன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். எனவே கார்த்திகை, மார்கழி முழுவதும் அந்த வீட்டு அடுப்பில் மீனோ கறியோ ஏறாது. நாட்டுக்கோழிக் குழம்பை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் வேறு மாதம் தேர்ந்துகொள்ள வேண்டும். எங்களுக்குக் கிடைத்த மரக்கறிச் சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் இரவு தட்டாம்பயறும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, தேங்காய்ப்பூ தூவிய அகத்திக்கீரை, சுட்ட அப்பளம். மறுநாள் காலை முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடையும் கருப்பட்டிக் காப்பியும். மதியம், நடவு ஆட்களுக்கு வடித்த அதே சோறும் சாம்பாரும் வயல் வரப்புக்கே வந்தன. வாழை இலையில் வாங்கி நாங்களும் அவர்களோடு உட்கார்ந்து உண்டோம். சொந்த வயலின் அரிசி என்றார்கள். கடையில் வாங்கும் அரிசியைப் போல் வெள்ளையாக இல்லை, சற்று மங்கல். ஆனால் குழம்பை வாங்கிக்கொள்ளும் பக்குவம் அதற்கு இருந்தது. அகத்திக்கீரையின் கசப்பைப் பிள்ளைகள் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குத் தயிர்ச் சோறு தனியாகப் பிசைந்து தந்தார்கள்.

குறைகளும் உண்டு. குளியலறைக்குப் போகும் பின்புறப் பாதையில் மழை பெய்தால் பாசி வழுக்குகிறது. எழுபது வயதைத் தாண்டிய அம்மாவை ஒவ்வொரு முறையும் கைப்பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அங்கே ஒரு கைப்பிடிக் கம்பியும் சொரசொரப்பான கல்லும் போட்டாக வேண்டும் என்று வீட்டாரிடம் நேரிலேயே சொன்னேன். மழை விட்டதும் செய்வதாகச் சொன்னார்கள். இரண்டாம் இரவு மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் வீட்டின் முன்பகுதிக்கு மட்டும்தான், விருந்தினர் அறைகளுக்கு இல்லை. கைப்பேசிக்கு வாசலில் மட்டும் சிக்னல் கிடைக்கிறது. மருந்துக் கடை வேண்டுமானால் சோழவந்தானுக்கோ வாடிப்பட்டிக்கோதான் போக வேண்டும், ஆகவே அன்றாட மாத்திரைகளைக் கையோடு எடுத்துச் செல்வது அவசியம்.

அமைதியைத் தேடி வருகிறவர்களுக்கும் ஒரு சொல். அந்த ஊரில் போக்குவரத்து இரைச்சல் இல்லை. ஆனால் காலை ஐந்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் ஐயப்பன் பாட்டு தொடங்கிவிடும், ஆறு மணிக்கு மயில் அகவும், ஏழு மணிக்கு டிராக்டர் வரும். இரவு எட்டரை மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. அப்போது தவளைச் சத்தம் வயல் முழுவதும் ஒரே மூச்சில் எழுந்து, ஒரே மூச்சில் நின்று, மறுபடி எழுகிறது. எட்டு மணி வரை உறங்க விரும்புகிறவர்களுக்கு இது ஏற்ற இடமில்லை. அந்த ஊரின் நேரத்தோடு ஒத்துப்போகத் தயாராக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடத்தை மதுரைக்கு இவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை.

கட்டணம், ஓர் அறைக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுடன் நாளொன்றுக்கு 2,800 ரூபாய். பிள்ளைகளுக்குத் தலைக்கு 400 ரூபாய் கூடுதல். இரண்டு நாளுக்கு எங்களுக்கு ஆனது 7,200 ரூபாய். நகரத்து விடுதியோடு ஒப்பிட்டால் அறையின் வசதிக்கு இது சற்று அதிகம் என்று தோன்றலாம். நான் அப்படிக் கணக்கிடவில்லை. நடவு நாளில் பன்னிரண்டு பேருக்குச் சமைக்கும் அடுப்படியில் எங்கள் நால்வருக்கும் கேப்பை அடை சுட்டார்கள்; இரவு முழுவதும் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர் உறங்கப் போகாமல் ஒரு பத்து வயதுப் பையனுக்குப் பெரியாற்றுக் கதை சொன்னார். அந்த நேரத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் இது. நெல் விலையை மட்டும் நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இந்தப் பணம் போய்ச் சேர்வதில் எனக்கு நிறைவுதான். இடைத்தரகு இல்லாமல் முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தால் இன்னும் நிறைவு. ஆகவே அடுத்த முறை நேரடியாகத் தொலைபேசியில் பேசியே நாள் குறிப்பதாக இருக்கிறேன்.

அப்படிப் பேசும்போது அறை காலியாக இருக்கிறதா என்பதோடு, வயலில் அந்த வாரம் என்ன வேலை என்பதையும் கேளுங்கள். நடவும் அறுப்பும் இல்லாத இடைநாட்களில் போனால் களையெடுப்பும் உரம் போடுவதும்தான் நடக்கும். அவையும் பார்க்கத் தக்கவையே, ஆனால் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. தண்ணீர் முறை வரும் இரவாக இருந்தால் பெரியவர் மறுநாள் முற்பகலில் உறங்குவார், அப்போது அவரை எழுப்பிக் கேள்வி கேட்காமல் இருப்பது நம் கடமை. இந்த நெல் தைக் கடைசியில் அறுப்புக்கு வரும் என்றார்கள். அறுப்பு மெஷின் கிடைக்கும் தேதியைப் பொறுத்து நாள் முன்னே பின்னே ஆகலாம். தேதி முடிவானதும் சொல்லும்படி, கிளம்பும்போதே அம்மா வீட்டுப் பெரியம்மாவிடம் தம் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.